பூட்டு மாட்ட இடமில்லாத கேட்

ரிட்டயர்டு அதிகாரிகளைக் கட்டாந்தரையில் குப்புறப் படுக்க வைக்கும் துணிச்சல் சிட்லபாக்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் வெல்டிங் பாய். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை. அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் காலனிக்குப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலிமனை ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. பூங்கா வரவில்லை. எருக்கும் ஆவாரையும் தாமாகவே வந்துவிட்டன. செல்போனில் கேமரா வராத காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் அங்கே பூச்சி பார்க்கும் வகுப்பு எடுப்பார். காசு வாங்க மாட்டார். செருப்பை மட்டும் வெளியே கழற்றிவிட வேண்டும். வாக்கிங் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்று மாட்டிக்கொண்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

"மேனேஜர் சார், நின்னுகினு பாத்தா எறும்பு இன்னா தூக்கினு போவுதுன்னு எப்படித் தெரியும்? படு சார்!"

வங்கி மேனேஜராக இருந்தவர், வீட்டில் காபி டம்ளரைக்கூடக் குனிந்து எடுக்காதவர், படுத்தார். அவரைத் திரும்ப எழுப்ப மூன்று பேர் தேவைப்பட்டோம். "செத்த வண்டு ஒண்ணை அப்படியே இழுத்துண்டு போறது சார்!" என்று அன்று முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மறுவாரம் பழைய பெட்ஷீட்டோடு வந்து சேர்ந்தார்.

பத்தடி தள்ளி எருக்க இலைக்கு அடியில் இருக்கும் புழுவின் கோடுகள்கூடப் பாய்க்குத் தெரியும். ஒருநாள் மேனேஜர் அந்தப் புழுக்களைப் பார்த்துவிட்டு மருந்தடிக்க வேண்டும் என்று குதித்தார். பாய் கோபப்படவில்லை.

"மூணு வாரம் டைம் குடு சார்" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, கூட்டைப் பிளந்துகொண்டு ஒரு பட்டாம்பூச்சி வெளியே வந்து, இறக்கை காயும்வரை எங்கள் முன்னாலேயே தொங்கியது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சேதி பரவியது. பட்டறை ஆட்கள் வந்தார்கள். ஏரிக்கு அந்தக் கரையில் குடியிருந்த கொத்தனார்களும் சித்தாள்களும் வந்தார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"கண்டவங்கல்லாம் காலனிக்குள்ள வர்றாங்க" என்றார் எங்கள் காலனி சங்கத் தலைவர். மனைக்குச் சுற்றுச்சுவரும் கேட்டும் போட்டுப் பூட்டிவிடுவதென்று தீர்மானம் ஆயிற்று. செயலாளர் நான். வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதில் கொடுமை, கேட் செய்யும் வேலையைப் பாயிடமே கொடுத்ததுதான். அதைச் சொல்ல அனுப்பப்பட்டவனும் நான்.

"பூட்டி வெக்கத்தானே சார்?"

"ஆமா பாய்."

பக்கத்திலிருந்த எருக்க இலை ஒன்றைத் திருப்பி அடியில் பார்த்தார். "செஞ்சிர்லாம் சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சுவர் எழும்பியது. சொன்ன நாளில் கேட்டும் வந்தது. முழுத் தகடு அடித்த இரட்டைக் கதவு. ஆள் ஏற முடியாத உயரம். ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறந்தது. தலைவர் தேங்காய் அளவுப் பூட்டோடு வந்து முன்பக்கம் தேடினார், பின்பக்கம் தேடினார். தாழ்ப்பாளும் இல்லை, கொண்டியும் இல்லை, சங்கிலி கோக்க ஒரு ஓட்டைகூட இல்லை.

"பூட்டை எங்க பாய் மாட்டறது?"

"அய்யே, வுட்டுட்டேன் சார். கண்ணு முன்ன மாரி இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

இனிமேல் அந்த ஆள் வேண்டாம், வேறு வெல்டரைப் பிடித்துக் கொண்டி வைக்க வேண்டியது செயலாளர் பொறுப்பு என்று தலைவர் கத்திவிட்டுப் போனார். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம், "ஆள் கிடைச்சாச்சா?" என்று கேட்பார். திருமுடிவாக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வெல்டர்மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் நான் செயலாளராக இருந்த மூன்று வருடத்தில் எனக்கு ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை. தேடிப் போகலாம் என்றால் எனக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குப் பாய் வகுப்பு இருக்குமே!