சந்தியார் கொடுத்த சம்மதம்

மனைவியின் தலைமுடி விஷயத்தில் இனி ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று சந்தியார் திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது தீர்மானம் செய்தார். அவருடைய பெரிய தீர்மானங்கள் எல்லாம் பல் தேய்க்கும்போது பிறந்தவைதான். வாய் நிறைய நுரை இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொப்பளித்ததும் முக்கால்வாசித் தீர்மானங்கள் நுரையோடு போய்விடும். இது மட்டும் போகவில்லை.

சந்தியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முப்பத்தெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். அடுத்தவர் பிழைதான் அவருக்குப் பிழைப்பு. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது, எந்தச் சொல்லை எதோடு சேர்க்க வேண்டும் என்பதிலேயே தலைமுடி முழுவதையும் இழந்தார். அவர் ஓய்வு பெற்றார். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனா பெறவில்லை. மருந்துக் கடைப் பலகை, லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, பேத்தி எழுதிய பிறந்தநாள் வாழ்த்து எதுவும் தப்பியதில்லை. "சந்தி விட்டுப்போச்சு, சந்தி விட்டுப்போச்சு" என்று சொல்லிச் சொல்லியே சந்தியார் ஆனார். அதைத் தெருச் சந்தியில் நின்று சொல்வது வழக்கம் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

அவர் மனைவியும் திருத்துகிறவள்தான். ஆனால் துணியில். முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, இருக்கிற உடுப்பைப் பிரித்து, பிடித்து, நீளம் குறைத்துக் கொடுப்பது அவள் தொழில். உடம்பு பெருத்தவர்களும் வருவார்கள், இளைத்தவர்களும் வருவார்கள். ஆள் மாறினால் அளவும் மாற வேண்டும் என்பது அவள் கட்சி. தலைமுடிக்கும் அதே சட்டம்தான் என்று அறுபத்திரண்டாவது வயதில் அவளுக்குத் தோன்றியதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன் ஜடையையே அளந்தாள். முப்பத்திரண்டு அங்குலம். பிறகு துணி கிளிப்புகளால் முடியை மடித்து மடித்துப் பிடித்து, ஒவ்வொரு நீளத்துக்கும் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். காதுவரை வைத்தால் கன்னம் உப்பித் தெரிந்தது. தோள்வரை விட்டால் நுனி காலரில் இடித்து, இரண்டு பக்கமும் வெளியே வளைந்துகொண்டது. கழுத்துவரை வைத்து, பின்னால் கொஞ்சம் ஏற்றி, முன்னால் கொஞ்சம் இறக்கி, நெற்றியில் நாலு முடியை விழவிட்டால் சரியாக இருக்கும் என்று பட்டது. சாயம் போடுவதையும் இதோடு நிறுத்திவிடலாம் என்றாள். சந்தியாரைக் கூப்பிட்டு, காதா கழுத்தா என்று கேட்டாள். கத்தரியே வேண்டாம் என்றார் சந்தியார்.

அவள் காரணம் சொன்னாள். கையைத் தூக்கிப் பின்னினால் தோள்பட்டை உயிர் போகிறது. தலைக்குக் குளித்தால் மத்தியானம் வரை ஈரம். மேலே வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது, கீழே ஜடை மெலிந்துகொண்டே போகிறது.

"இந்த நீளம் இருபத்தஞ்சு வயசுக்காரிக்கு எடுத்த அளவுங்க. அவ போய் எத்தனையோ வருஷமாச்சு. நான் ஏன் இன்னும் அவ அளவையே சுமந்துக்கிட்டு இருக்கணும்?"

சந்தியாருக்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்லக் கூடியதாக இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் கண்ணுக்குத் தள்ளி இருப்பது எல்லாம் மங்கல்தான். கடைத்தெருக் கூட்டத்தில் மனைவி நாலடி முன்னால் போய்விட்டால் முகமோ நடையோ அவருக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே ஆடுகிற அந்த ஜடை மட்டும் தெரியும். அதைப் பின்பற்றி நடந்தே அவர் முப்பத்தாறு வருஷம் தொலைந்துபோகாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அதுவும் போய்விட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று பயந்தார். இதைச் சொன்னால் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். அதனால் கௌரவம், அழகு, ஆரோக்கியம் என்று வேறு காரணங்களைக் கையில் எடுத்தார்.

திங்கட்கிழமை ரொட்டியும் டீயும் முடிவதற்குள் மூன்று காரணங்களும் தீர்ந்துவிட்டன. கௌரவத்துக்கு அவள் சிரித்தாள். அழகுக்குக் கண்ணாடியைக் காட்டினாள். நீள முடி மூளைக்குக் குளிர்ச்சி என்றபோது அவருடைய தலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்.

"வாயால பேசினா விடிஞ்சாலும் தீராது. வழக்கம்போல எழுதிடலாமா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தகராறும் ஒரு சீட்டில் எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டால் அதுதான் சட்டம். பிறகு மூச்சு விடக்கூடாது. வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்து நிற்கும் என்று சந்தியார் கொண்டுவந்த ஏற்பாடு அது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சீட்டைக்கூடத் தானாக எழுத முன்வந்ததில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அவள் எழுதி நீட்டினாள்: 'என் தலை விஷயமாக, வரும் ஞாயிற்றுகிழமைக்குள் முடிவு எட்டலாம் என்று இருவரும் சம்மதிக்கிறோம்.'

சந்தியாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆறு நாள் கிடைத்துவிட்டது. ஆறு நாளில் நாலு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட மாட்டாரா என்ன?

"பிழை இருந்தா பாத்துடுங்க" என்றாள் மனைவி.

கேட்கவே வேண்டாம். சிவப்புப் பேனா ஏற்கெனவே கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு 'க்' போட்டார். அப்புறம் கண் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. முடிவு, எட்டலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை. படிக்கிறவன் தடுக்கி விழுவான். இரண்டு சொல்லையும் வளைகோடு போட்டு இணைத்து, மேலே அழகாக ஒரே சொல்லாக எழுதினார்: முடிவெட்டலாம். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அவள் அதை மெதுவாகப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"நல்லாத் திருத்தியிருக்கீங்க" என்றாள்.

கல்யாணமான நாளாக இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியவர் சந்தியார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் வேட்டை தொடங்கியது. முதலில் மகளுக்குப் போன் போட்டார். உன் அம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லம்மா என்று குரலை உடைத்துக்கொண்டார். மகளோ, கிளிப் போட்ட மூன்று படங்களும் ஞாயிற்றுக்கிழமையே தனக்கு வந்துவிட்டன என்றும், தான் கழுத்துக்கு ஓட்டுப் போட்டாகிவிட்டது என்றும் சொன்னாள். அப்பாவுக்கு வழுக்கை விழுந்தபோது அம்மா யாருக்காவது போன் போட்டார்களா என்றும் கேட்டாள். லைன் சரியில்லை என்று சந்தியார் வைத்துவிட்டார்.

அடுத்த நம்பிக்கை மாடி வீட்டு டீச்சர். இறுக்கிப் போட்ட கொண்டை, அதைவிட இறுக்கமான வாய். அந்தக் கட்டடத்தில் அவர் சொன்னால் தண்ணீர்த் தொட்டிகூட நேரத்துக்கு நிரம்பும். சந்தியார் விஷயத்தைச் சொல்லி, இது வெளியே போனால் வீட்டு மானம் சந்தி சிரிக்கும் என்று கையைப் பிசைந்தார்.

"சந்தியே வந்து அழுதுட்டு இருக்கும்போது யார் சிரிக்கப் போறாங்க?" என்றார் டீச்சர். நீள முடியின் பெருமையை அவர் மனைவியிடம் எடுத்துச் சொல்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கைம்மாறாக ஓர் உதவி வேண்டும் என்றார். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை பன்னிரண்டு பக்கம் இருக்கிறது, சனிக்கிழமை இரண்டரை மணிக்கு வந்து திருத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வேறு எதைச் செய்யச் சொன்னாலும் மறுத்திருப்பார்; திருத்தச் சொன்னால் மறுப்பாரா?

சனிக்கிழமை சந்தியார் மாடி ஏறினார். அப்படி ஓர் அறிக்கையை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. வரிக்கு மூன்று பிழை. டீச்சர் டீ கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குக் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, ஓர் ஓட்டு உறுதி என்ற நிம்மதியோடு கீழே இறங்கி, கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த பெண்மணியிடம், மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி இரண்டு படி ஏறிவிட்டார்.

"உள்ள வாங்க" என்றது மனைவியின் குரல்.

சந்தியார் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். முப்பத்திரண்டு அங்குலம் எங்கே என்று மட்டும் கேட்டார். அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து சீட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம்.

'வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவெட்டலாம் என்று இருவரும் சம்மதிக்கிறோம்.'

"முடி வெட்டலாம். சம்மதம்னு போட்டு, கையெழுத்தும் இருக்கு. நான் ஒரு நாள் முன்னாடியே போயிட்டேன், அவ்வளவுதான்."

"நான் போட்டது முடிவு எட்டலாம்னு."

"அப்படித்தானே நான் எழுதினேன்? நடுவுல இடம்கூட விட்டிருந்தேன். அடைச்சது யாரு?"

சந்தியார் சிவப்பு மையைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். இலக்கணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. எத்தனையோ நூலாசிரியர்களுடைய மானத்தைக் காப்பாற்றிய கை, தன் வீட்டு ஜடையைத் தானே வெட்டியிருந்தது. கடைசி ஆயுதமாக, டீச்சர் தன் பக்கம் இருக்கிறார் என்றார். பார்லருக்கு வழி சொன்னதே டீச்சர்தான் என்றாள் மனைவி. அப்படியானால் அந்த அறிக்கை? அது அவர்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்கு முந்தைய அறிக்கை, அச்சாகி, எல்லார் வீட்டிலும் பழைய பேப்பரோடு போயே போய்விட்டது.

கோபப்பட வேண்டிய இடம் இது. சந்தியார் முயற்சி செய்தார். ஆனால் அவள் விளக்கைப் போடத் திரும்பியபோது அவர் கண் அவள் கழுத்தில் நின்றுவிட்டது. பார்லரில் சாயத்தையும் எடுத்திருந்ததால், வெள்ளையும் சாம்பலுமாக முடி பின்னால் ஒட்ட வளைந்து ஏறியிருந்தது. தலை லேசாகிவிட்டதால் நிமிர்ந்து நின்றாள். காதோரம் ஒரு மச்சம் இருந்தது. இப்படி ஒரு மச்சம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இவள் அழகாக இருக்கிறாள் என்று மனசு சொன்னதை அவரால் திருத்த முடியவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதுவரை மறைத்து வைத்திருந்ததைச் சொல்லியே விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, கடைத்தெருவுல இனிமே உன்னை எப்படிக் கண்டுபிடிப்பேன்? எனக்கு ஜடைதான் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்னைக் கண்டுபிடிச்சதா நினைச்சுட்டு இருந்தீங்களா? நான்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்து, உங்களைக் காணோம்னா வந்து உங்க முன்னாடி நிப்பேன். அதுக்கு முடி எதுக்கு?"

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம் என்று அவள் சொன்னபோது சந்தியார் தலையாட்டினார். டீ வந்தது. அவள் தலையைக் குலுக்கிக் குலுக்கி, ஒன்றுமே கனக்காததைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். தோற்றது தோற்றதுதான்; ஆனாலும் இதில் தன் கைவரிசையும் இருக்கிறதே என்று மெல்ல ஒரு பெருமை தலைகாட்டியது. சிவப்பு மை மட்டும் விழாமல் இருந்திருந்தால் இந்தத் தலை இப்படி ஆகியிருக்குமா?

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்" என்றார். "நான் அந்த இடத்தை அடைக்காம விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு வர்றேன்னு பார்லர்ல சொல்லி மூணு வாரமாச்சு. வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, உங்களுக்கும் இதுல ஒரு வேலை இருக்கட்டுமேன்னுதான் எழுதிக் கொடுத்தேன்."