அழாத மகளை அழைத்துவரப் போனேன்

மதிப்புக்குரிய பாலசமுத்திரம் மச்சான் அவர்களுக்கு,

தொப்பம்பட்டி பொன்னுத்துரை எழுதிக்கொள்வது. தோட்டத்தில் தென்னைக்குக் கொஞ்சம் வண்டுத் தொல்லை, மற்றபடி சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் வேனும் சௌக்கியமாக இருக்கப் பழனியாண்டவன் பார்த்துக்கொள்வான். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கவைப்பீர்கள் என்றுதான் கடுதாசி.

விஷயம் நம் புவனேஸ்வரி. ஹாஸ்டலில் இருந்த முதல் வருஷம் தினமும் போன் போட்டு அழுதாள். இந்த வருஷம் சிநேகிதிகள் மூன்று பேரோடு திண்டுக்கல்லில் ஒரு பாய் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்ததிலிருந்து அழுகையே இல்லை, லீவுக்கும் வருவதில்லை. "நல்லாத்தானுங்கப்பா இருக்கேன்" என்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. பெற்றவனுக்குச் சந்தேகம் வருமா வராதா? அப்படி என்னதான் வெச்சிருக்குது அந்த மாடியில்? அதனால்தான் வேறொரு ஹாஸ்டலில் இடம் பிடிக்கச் சொல்லி உங்களை நச்சரித்தேன். நீங்களும் யார் யார் காலையோ பிடித்து வாங்கித் தந்தீர்கள்.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். விடியுமுன் குடித்த டீயோடு கிளம்பி, பஸ் மாறி மாறி, உச்சி வேளைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கீழே வீட்டுக்காரம்மா நஜ்முன்னிசா, "வாங்கண்ணே, புவனா அப்பாவா? ஒக்காருங்க, செத்த நேரத்துல சமைச்சுத் தாரேன்" என்றார். இருக்கட்டுங்க என்று மாடிக்குப் போனால், அந்நேரத்துக்கு அடுப்பு சில்லென்று கிடக்கிறது! சட்டியைத் திறந்தேன், காலி. குக்கரைத் திறந்தேன், அதுவும் காலி. நாலு பிள்ளைகளும் வாடின முகத்தோடு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. "சாப்டீங்களா அம்மணி?" என்றேன். "சாயங்காலந்தானுங்கப்பா. உங்களுக்குக் கடையில வாங்கியாரட்டுங்களா?" என்றாள், முகத்தைப் பார்க்காமல். மற்ற மூன்றும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றன. எனக்குப் பகீரென்றது. அரிசியும் தேங்காயும் முருங்கையும் அனுப்புகிறேனே, எல்லாம் எங்கே போகிறது? கீழே எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரம்மாவும் ஒரு வாய் வைக்கவில்லை. நோன்பு என்று சொல்லவும் வழியில்லை, ரம்ஜான்தான் முடிந்து பிரியாணியும் சாப்பிட்டாயிற்றே! ஆக வீடு மொத்தமும் பட்டினி. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அவர்கள் எத்தனை தடவை தண்ணீர் நீட்டியும் கையால் தொடவில்லை. பொழுது சாயும்வரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "கிளம்பு, ஊருக்குப் போறோம்" என்று நானே அவளுடைய பெட்டியைக் கட்டினேன்.

பெட்டியோடு படியில் பாதி இறங்கியிருப்பேன், பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பிள்ளைகள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடுகின்றன. கீழே ஜமக்காளம் விரித்துப் பேரீச்சம்பழம், வடை, கஞ்சி! பெருநாள் கழிந்த பிறகும் ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் உண்டாம் மச்சான், நமக்கெங்கே தெரிகிறது. பாயம்மாவின் பெண்களெல்லாம் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் ஹாமித் பாய்க்குச் சர்க்கரை, பிடிக்க முடியாது. பாயம்மா ஒண்டியாக நோன்பிருப்பாரே என்று இதுகள் நாலும் கூடவே பிடிக்கின்றன. நான் திட்டுவேனென்று நம் பிள்ளை சொல்லவில்லை.

பாயம்மா முதல் பழத்தை என் கையில் வைத்தார். "ஏங்க, பாத்தீகளா, இந்த அண்ணன் வந்ததுலேர்ந்து பச்சத் தண்ணி தொடல. நமக்காக அவுகளும் நோம்பு இருந்திருக்காக" என்று பாயிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கோபத்தில் கிடந்தவன் என்று எந்த வாயால் சொல்வேன்? ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பழம். "ஆமாங்க" என்றேன். வெட்கமாகப் போயிற்று. அந்தக் கஞ்சியை மூன்று கிண்ணம் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

ஆனாலும் முடிவு முடிவுதான். கஞ்சிக்காகப் படிப்பை விட முடியுமா? ஹாஸ்டல் என்றால் வேளாவேளைக்குச் சோறு, ஒரு கட்டுப்பாடு. சாமான்களை அங்கே ஏற்றிப் போக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேனோடு வந்துவிடுங்கள். ராத்திரி ஹாமித் பாய் என்னைப் போக விடாததால், அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் காலையில் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. வேன் வழியில் நிற்காமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியைக் கட்டிய உரிமையில் தொல்லை கொடுக்கும்,
பொன்னுத்துரை

பி.கு.: கவரை ஒட்டுமுன் புவனாவிடம் ஹாஸ்டல் விஷயத்தைச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்கப்பா" என்று பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். "அதெப்படி அம்மணி, கடைசி நோம்பு இன்னும் பாக்கி இருக்குதே, பாயம்மாவை ஒண்டியா விட்டுட்டா போறது?" என்று சண்டைக்குப் போனது யார் தெரியுமா? நான்தான் மச்சான். அந்த ஹாஸ்டல் இடத்தை வேறு யாராவது பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நாளைக்கு நோன்பு முடித்துத்தான் ஊருக்கு வருவேன். இந்தத் தடவை நிஜமாகவே பிடிக்கிறேன்.