பானை வரவேற்பு

தேடிப் போகும் கப்பல்களுக்கு அகப்படாமல், வழிதவறிய கப்பல்களுக்கு மட்டுமே தென்பட்ட கடலோரம் ஒன்றில் ஆழிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து மன்னர் மக்கள் கண்ணில் படமாட்டார். அடுத்த தேர்தல் வரை மக்களும் மன்னர் கண்ணில் படமாட்டார்கள். இதில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை. மற்றபடி நல்ல நாடு.

அந்த நாட்டுக்குப் பெருமை சேர்த்தது கடற்கரையில் இருந்த முத்துமாளிகை என்ற அரசு விடுதி. கடல் கடந்து வரும் செல்வந்தர்கள் அங்கேதான் தங்குவார்கள். அதன் பக்கத்திலேயே, ஒரு சவுக்குத் தோப்பு தள்ளி, உப்புக்குப்பம் இருந்தது. குப்பத்தில் பிறந்தவள்தான் குழல்வாய்மொழி. சிறுமியாக இருந்தபோது மாலுமிகளுக்குச் சங்கும் சோழியும் விற்று, பேரம் பேசிப் பேசியே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவள். வளர்ந்த பிறகு முத்துமாளிகையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கால் மிதியடியோடு வேலைக்குப் போன முதல் ஆள் என்று குப்பமே அவளைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

பக்கத்து நாடான வடகரையின் விடுதிக்கு ஐந்து பச்சை இலைகள் கிடைத்த செய்தி வந்த பிறகுதான் ஆழிநாட்டு மன்னருக்குத் தூக்கம் கெட்டது. அந்த இலைகளை வழங்குவது எண்திசைத் தரச் சபை. உலகத்தில் எந்த விடுதியாக இருந்தாலும், மெத்தை மென்மையாக இருக்கிறதா, சமையலறை சுத்தமாக இருக்கிறதா என்பதோடு அந்தச் சபை நிற்காது. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் கேடில்லாமல் விடுதி நடக்கிறதா, சுற்றி வாழும் மக்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்றும் பார்க்கும். பணக்கார விருந்தினர்கள் இப்போதெல்லாம் வாசலில் தொங்கும் இலையைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குகிறார்களாம்.

சபையின் விதிகளை அரசவையில் படித்து மொழிபெயர்க்கும் பொறுப்பு குழல்வாய்மொழிக்கு வந்தது. விடுதியாலும் அதன் சுற்றுப்புறத்தாலும் செலவாகும் நீர் குறைய வேண்டும் என்பது முதல் விதி. விருந்தோம்பல் அமைச்சர் பேரின்பநாதர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விருந்தினர் நீராடுவதைக் குறைத்தால் விருந்தோம்பல் கெடும். விருந்தோம்பல் நம் பண்பாடு. ஆகவே பண்பாட்டைக் காக்கும் பொருட்டு, சுற்றுப்புறத்தார் நீராடுவதைக் குறைப்பதே முறை."

விதியை எழுதியவர்கள் நினைத்தது அதுவல்ல என்று குழல்வாய்மொழிக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அமைச்சர் அவள் பக்கம் திரும்பி, "நம் குழல்வாய்மொழி அம்மையார் எவ்வளவு தெளிவாக விளக்கினார்" என்று அவையறியப் பாராட்டிவிட்டார். அம்மையார் என்று அவளை அதுவரை யாரும் அழைத்ததில்லை. திறந்த வாயை அவள் புன்னகையாக மாற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே குப்பத்துக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டார்கள். நன்னீர் ஊறும் ஒரே கிணறு அது. இனி அது காக்கப்பட்ட நீர்நிலை. யாரும் இறைக்கக் கூடாது, ஆனால் பார்க்கத் தடையில்லை என்று ஆணை தெளிவாகச் சொன்னது. அடுத்து காற்று. விருந்தினர் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் நேரங்களில் குப்பத்தில் அடுப்பு எரியக் கூடாது, கருவாடு காயக் கூடாது. விருந்தினர்களோ கடல் பார்க்க வந்தவர்கள். தாழ்வாரத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். பிறகு கண்ணுக்கு இனிமை வேண்டும் என்று கட்டுமரங்களுக்கெல்லாம் அரசே பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தது. உப்புத் தண்ணீரில் வண்ணம் கெட்டுவிடும் என்பதால் அவற்றைக் கடலில் இறக்கத் தடை வந்தது. கடைசியாக மக்களின் மனநிறைவு. விருந்தினர் எதிரில் வரும் குப்பத்தார் முகமலர்ச்சியோடு இருக்க வேண்டும். இயலாதவர்கள் எதிரில் வராமல் இருந்துகொள்ளலாம்.

பெண்கள் ஆற்று முகத்துவாரம் வரை நடந்து, கரிக்கும் தண்ணீரை எடுத்து வந்தார்கள். குழல்வாய்மொழியின் அண்ணன் நாகமுத்துவுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. உப்பு நீரில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் குழந்தையின் மேல்தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. நாகமுத்து விடுதியின் பின்வாசலுக்கு வந்து தங்கைக்காகக் காத்து நின்றான். தொழிலுக்குப் போகாத உடம்பு அதற்குள் தளர்ந்திருந்தது.

"பாப்பா, நீ பெரியவங்ககூட பேசிப் பழகுறவ. ஒரு வார்த்த சொல்லேன். புள்ள ஒடம்பு எரிஞ்சு எரிஞ்சு அழுவுது."

"சபையோட தேர்வாளருங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்ணே. எல கெடச்சிட்டா வேலிய எடுத்துடுவாங்க" என்றாள் அவள்.

அப்படி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் சரியென்று தலையாட்டிவிட்டுப் போன பிறகு, தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

தேர்வாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி எல்வினா என்ற அம்மையார். உயரமானவர், அகல விளிம்புத் தொப்பி, கனிவான கண்கள். மெத்தையை அழுத்திப் பார்த்தார். சமையலறைச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். மாலையில், பகலெல்லாம் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்திருந்த புல்வெளியில் அவருக்கு இளநீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து உப்புக்குப்பம் முழுவதும் வெளியே வந்தது.

ஆளுக்கொரு காலிப் பானை. முன்னால் நாகமுத்து. அவன் பின்னால் அண்ணி பச்சைநாயகி, இடுப்பில் குழந்தை. தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் காவலர்களால் கையை ஓங்க முடியவில்லை. கூட்டம் புல்வெளி ஓரத்தில் வந்து நின்றது. நாகமுத்து எல்வினாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மா, எங்க கெணத்த எங்களுக்குக் குடுங்க. வேற எதையும் கேக்கல. உப்புத் தண்ணி குடிச்சு எங்க புள்ளைங்க சாவுதுங்க. ஒங்க எலைக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

அவன் குரல் உடைந்ததும் பெண்கள் பானைகளை விரல் மோதிரத்தால் தட்டத் தொடங்கினார்கள். ஆத்திரத்தில் தட்டியதுதான், ஆனால் நெடுநாள் ஒன்றாகக் கருவாடு காயவைத்தவர்களும் வலை இழுத்தவர்களும் சேர்ந்து தட்டினால் அதில் தாளம் வந்துவிடுகிறது.

எல்வினா குழல்வாய்மொழியிடம் குனிந்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

பேரின்பநாதர் இருமினார். அது இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. தன் சொல்லைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் ஆளைப் பார்க்கும் பார்வை. உண்மைக்கான சொற்கள் அத்தனையும் அவள் நாவில் இருந்தன. மிகச் சுலபமான சொற்கள். சோழி விற்ற காலத்திலேயே கற்றவை. கிணறு. குழந்தை. தண்ணீர்.

"விருந்தினரைக் காலிப் பானையோடு எதிர்கொள்வது இவர்கள் மரபு" என்று அவள் அந்த மொழியில் சொன்னாள். "உங்கள் வரவால் தங்கள் வீடு நிறைந்துவிட்டதாகப் பாடுகிறார்கள்."

எல்வினாவின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார். மற்ற தேர்வாளர்களும் தட்டினார்கள். பேரின்பநாதரும் தட்டினார்.

கைதட்டலைக் கேட்டதும் பானைச் சத்தம் நின்றது. குப்பத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாகமுத்துவின் முகம் தெளிந்தது. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நம்ம புள்ள சொல்லிடுச்சு. ஒத்துக்கிட்டாங்க" என்றான். அப்புறம் தங்கையைப் பார்த்து, கூடப்பிறந்தவளைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டான்.

குழல்வாய்மொழி தரையைப் பார்த்தாள். புல் ஈரமாக இருந்தது.

ஐந்து இலைகளும் கிடைத்தன. ஐந்தாவது இலை, உள்ளூர்க் கலையை உயிரோடு பேணுவதற்காக. மன்னர் மகிழ்ந்துபோய் ஆணை பிறப்பித்தார்: பானை வரவேற்பு இனி நாள்தோறும் மாலையில் நடைபெறும், கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் நிகழ்ச்சி முடிவில் ஒரு பானை நன்னீர் வழங்கப்படும். தண்ணீரை வேலிக்குள் இருந்த கிணற்றிலிருந்தே இறைத்தார்கள். முகமலர்ச்சிச் சட்டம் இதற்கு இடைஞ்சலாக இருக்கவே, நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் குப்பத்தார் கோபப்படலாம் என்று ஒரு திருத்தமும் கொண்டுவந்தார்கள். கோபம் குறைந்தவர்களுக்கு அரைப் பானைதான். வாசகத்தை யாரும் மாற்றவில்லை. "எங்க கெணத்தக் குடுங்க" என்ற வரி விருந்தினர் காதுக்கு இனிமையாக இருந்ததாம்.

தண்ணீர் வந்த முதல் நாள், குப்பத்தார் குழல்வாய்மொழியை அண்ணன் வீட்டுக்கு அழைத்துத் தாழம்பூ மாலை போட்டார்கள். பச்சைநாயகி நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "ஒங்க அத்ததான்டி ஒனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தா. பாத்துக்க" என்று குழந்தையிடம் சொன்னாள். குழந்தையின் புண்கள் ஆறத் தொடங்கியிருந்தன. அது அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடுதியில் அவளைத் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள். அங்கே கிடைத்த பாராட்டையாவது சமாளித்தாள். இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

எத்தனையோ நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரு காலையில் அவள் கடற்கரைக்குப் போனாள். நாகமுத்து தன் கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து, உரிந்துவந்த பச்சை வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னிக்கு நீ பேசுனத நான் அவங்ககிட்ட சொல்லல. வேற என்னத்தையோ சொல்லிட்டேன்."

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் பாப்பா."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு நாள்லயே. கெணத்தக் கேட்டவனுக்கு எவனாச்சும் கை தட்டுவானா?"

"அப்புறமும் எனக்கு மால போட்டியே?"

"போடலன்னா எல்லாரும் ஏன்னு கேப்பாங்கல்ல." அவன் கடலைப் பார்த்தான். "ஒங்க அண்ணிகிட்டகூட நான் சொல்லல. நீயும் சொல்லாத. நெசத்தச் சொன்னா கூத்து நின்னுடும். கூத்து நின்னா தண்ணி நின்னுடும்."

அவன் அடிப்பான், காறித் துப்புவான், இனி முகத்தில் விழிக்காதே என்பான் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தவள் அவள். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் தன் மானத்தை மட்டுமல்லாமல் அவள் மானத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தினமும் பானை தட்டப் போகிறான் என்பதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை. மிதியடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில் நடந்து திரும்பினாள்.

தேர்தல் வந்தது. மன்னர் குப்பத்துக்கு வந்து, பானைக் கலைஞர்களுக்கு மெருகேற்றிய செம்புப் பானைகள் வழங்குவதாக வாக்களித்தார். அவரை எதிர்த்து நின்ற மாறவேள் கொதித்தெழுந்தார். "இவ்வளவு உன்னதமான கலைக்கு ஒரு பானைத் தண்ணீரா? இது உங்கள் தன்மானத்துக்கு இழுக்கு. நான் மன்னரானால் இரண்டு பானை" என்று முழங்கினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. நாகமுத்துவும் கை தட்டினான். கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் யாருக்கும் தோன்றவுமில்லை.

மாறவேள் பெருவெற்றி பெற்றார். இரண்டு பானைத் திட்டத்துக்குக் கிணற்றில் நீர் அதிகம் தேவைப்படும் என்பதால் வேலியை இன்னும் உயரமாக்கினார். பேரின்பநாதர் தேர்தலுக்கு முன்பே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்ததால், விருந்தோம்பல் துறை தடங்கலின்றி நடந்தது.

குழல்வாய்மொழி வேலையை விட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னாள். ஒரு மாலை, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பானையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். பச்சைநாயகி தள்ளி நின்று இடம் கொடுத்தாள். நாகமுத்து திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பானையைத் தட்டத் தொடங்கினான்.

சில நாள் கழித்து, நிகழ்ச்சி முடிந்ததும் முதிய விருந்தினர் ஒருவர் வரிசை வழியே நடந்து வந்தார். இந்தப் பாட்டின் பொருள் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தம் மொழியில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கடைசியில் நின்ற பெண் அதே மொழியில் பதில் சொன்னதும் திடுக்கிட்டு நின்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு எங்கே இருக்கிறது என்று கைகாட்டினாள். அண்ணன் முதல் நாள் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். அன்று தான் என்ன சொன்னோம் என்பதையும் சொன்னாள்.

முதியவர் முழுவதையும் கேட்டார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் இவ்வளவு உண்மையான ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, இந்த ஊரில் புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை குளிப்பதற்காக அறைக்குப் போனார்.