கடைசி வளைவில் உடைந்த பூசணிக்காய்

சேலையூர்,
திங்கட்கிழமை காலை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சிவகுமார் அவர்களுக்கு,

ஜெயவேலு எழுதிக்கொள்வது. கோவையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் குன்றத்தூர் முருகன் துணையிருக்கட்டும். இங்கே உங்கள் தங்கை கீதா நலம். உங்கள் அம்மா மிக மிக நலம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

விஷயம் இதுதான். நீங்கள் கோவையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தீர்களே ஒற்றை சீட் பந்தயக் கார், அதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரத்துக்குள் ஒரு லாரி அனுப்புங்கள். உன்னிடமே மூன்று லாரி இருக்கிறதே என்பீர்கள். மூன்றின் முதுகிலும் தண்ணீர் டேங்க் இருக்கிறது மச்சான், காரை எங்கே ஏற்றுவது?

ஐம்பத்திரண்டு வயதில் இவனுக்கு ஏன் இந்த ஆசை என்று ஊரே கேட்டது. மேடவாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவில் முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். அந்த ரோட்டில் மூன்றாவது கியரைக் கண்டவர்கள் குறைவு. எனக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஐ.டி. பிள்ளைகள் திட்டாத திட்டு இல்லை. சாவதற்குள் ஒரு நாளாவது வேகமாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன். அந்தக் காரில் பக்கத்து சீட் கிடையாது. "பாத்துப் போங்க, பஸ் வருது" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு இடம் வாய்த்ததே இல்லை.

ஆனால் அதில் உட்காருவதே பெரும்பாடு. உட்காருவது என்பதும் தப்பு, சொருகிக்கொள்வது என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் அன்பு என் இரண்டு தோளையும் பிடித்து அமுக்கி, "மூச்ச வெளிய வுடு சார். வுட்டியா? வயிறு இன்னும் கொஞ்சம் வெளிய கீது சார்" என்பான். பெல்ட் ஐந்து பக்கமும் இழுத்துக் கட்டிய பிறகு மூச்சுக்கு மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். நெருப்புப் பிடிக்காத அங்கி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன், எதிர் வீட்டு ஈவ்லின், "என்ன அண்ணா, கேஸ் சிலிண்டர் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். சிலிண்டர் போட்டிருந்தால் இத்தனை கேவலம் வந்திருக்காது.

இதுவரை நாலு பந்தயம் போனேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. முதல் பந்தயத்தில் புறப்படுவதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு அணைந்ததும் எல்லோரும் பறந்துவிட்டார்கள், என் வண்டி நின்ற இடத்திலேயே அணைந்துவிட்டது. அடுத்ததில் சேற்றில் இறங்கினேன். மூன்றாவதில் கால் மரத்துப்போய் எந்தக் கால் எந்த பெடலில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நாலாவதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, மச்சான், அந்தக் காரில் ஹாரன் இல்லை! ஹாரன் அடிக்காமல் ஒருவரை எப்படி முந்துவது? நம் ஊரில் அதற்கு வழி இருக்கிறதா? நான் பழக்க தோஷத்தில் வலது கையை வெளியே நீட்டி, "நீ போப்பா" என்று பின்னால் வருகிறவனுக்குக் கைகாட்டப் போய், பந்தயம் நடத்துகிறவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பின்னால் வேகமாக ஒருவன் வருகிறான், வழிவிடு என்று சொல்வதற்கு ஒரு நீலக் கொடி காட்டுவார்கள். அதை என்னைப் போல நிறையப் பார்த்தவன் இந்தத் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவுக்கோ ஒரே பெருமை. "மத்தவனுங்கள கண்டுக்கவே இல்ல, எம் மருமவனுக்கு மட்டும் சுத்துக்கு ஒருவாட்டி கொடி ஆட்றாங்க, பாத்தியா கீதா?" என்றார்களாம். ஏன் நான் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். என் மாமியார் என்னைப் பெருமையாகப் பேசியது அதுவே முதல் தடவை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது பந்தயம். காலையில் கீதா காபியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு ரேஸ முடிச்சுட்டு வாங்க. கடைசியா வந்தாலும் பரவாயில்ல, அந்தக் கட்டம் போட்ட கொடியத் தாண்டிட்டு வாங்க. தாண்டலேன்னா வண்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் என்னால பயந்து சாக முடியாது." நானும் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன்.

உங்கள் அம்மாவைப் பற்றி நான் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாலு பந்தயமும் நாசமானதற்குக் காரணம் கண்ணேறு என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஐந்தரைக் கிலோ பூசணிக்காய் ஒன்றை ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி மூடி, பையில் போட்டுப் பந்தயம் நடக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கே எடுத்து வந்துவிட்டார்கள். வாசலில் செக்யூரிட்டி கேட்டதற்கு, "மத்தியானம் கூட்டு வெக்க" என்றார்களாம். பூசணிக்காய் சுற்ற வேண்டுமானால் ஆள் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? நான்தான் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறேனே. அதனால் கடைசி வளைவு ஓரத்தில், ஆம்புலன்ஸ் வருவதற்காக விட்டிருந்த வேலி இடைவெளியில் போய் நின்றுகொண்டு, நான் ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். மூன்று சுற்றுக்கு நான் மூன்று முறை வர வேண்டும் என்று கணக்கு. கற்பூரமும் எரிகிறது.

மச்சான், நேற்று நான் நன்றாக ஓட்டினேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன். வண்டி அணையவில்லை, கால் மரக்கவில்லை, சேறு என்னைத் தொடவில்லை. முதல் ஆள் என்னை ஒரு முழுச் சுற்று தாண்டிப் போயிருந்தான், அதனால் என்ன, அவன் முடித்த பிறகு நானும் கோட்டைத் தாண்டிவிட்டால் எனக்கும் பந்தயம் முடிந்த கணக்குத்தான். அவன் தன் கடைசிச் சுற்றில் பின்பக்கத்து நேர் ரோட்டில் வந்துகொண்டிருந்தான். நான் கடைசி வளைவில் திரும்பினேன். கோடு கண்ணுக்குத் தெரிந்தது, அதைத் தாண்டி இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி. அப்போது பார்த்து உங்கள் அம்மா பூசணிக்காயை உடைத்தார்கள்.

கான்கிரீட் ஓரத்தில் போட்டதுதான். அதில் பாதி உருண்டு நடு ரோட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே எல்லாம் ரத்தச் சிவப்பு. அதன் மேல் ஏற்றிப் போயிருந்தால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான், எனக்கும் தெரியும். ஆனால் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காயின் மேல் எங்கள் தாம்பரம் பக்கத்துக்காரன் எவன் வண்டியை ஏற்றுவான்? முப்பது வருஷமாக அமாவாசைக்கு அமாவாசை கடைவாசல் கடைவாசலாக ஒதுங்கி ஒதுங்கிப் போன கை, தானாக ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டது. வண்டி மூன்று சுற்றுச் சுற்றி, புல்லில் இறங்கி, வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. அணைந்தும் போனது. வளைவில் கொடி வைத்திருந்தவர் பார்த்தது ஒரு கிழவி, நெருப்பு, தரையெல்லாம் சிவப்பு. அவர் சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டார். எல்லா வண்டியும் நின்றது. பந்தயமே நின்றுபோனது.

அதிகாரி ஓடிவந்து, "யாரும்மா நீங்க? இங்க எப்படி வந்தீங்க?" என்று கத்தினார். உங்கள் அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா கண்ணு இப்டிக் கத்துற? எம் மருமவன் மேல எம்மாங் கண்ணு பட்டுகீது தெரியுமா? உம் மூஞ்சியப் பாத்தா உனக்கும் பட்டுகீது. குனி, கற்பூரம் இன்னும் எரிஞ்சிகினுதான் கீது" என்றார்கள். அவர் குனிந்தார், மச்சான். உங்கள் அம்மா சொன்னால் யார்தான் குனியவில்லை?

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அழுவது வெளியே தெரியக் கூடாது அல்லவா. கோட்டுக்கு இன்னும் இருநூறு மீட்டர், அதற்கு மேல் ஒரே ஒரு சுற்று. நடந்தே போயிருக்கலாம். வீடு திரும்பும் வழியெல்லாம் கீதா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வேறென்ன வேண்டும் மச்சான், ஒரே ஒரு பந்தயத்தை முடித்தவன் என்ற பேர் வேண்டும், அவ்வளவுதானே? அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. இனி நான் தண்ணீர் லாரிக்காரன், அவ்வளவே. சத்தியம் சத்தியம்தான். லாரியை அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களில் யாருக்காவது வேகமாகப் போக ஆசை வந்தால் ரயிலில் ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
இனி எங்கேயும் சீக்கிரம் போய்ச் சேர விரும்பாத,
ஜெயவேலு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் பந்தயக்காரர்களிடமிருந்து முடிவுத் தாள் வந்திருக்கிறது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நின்றுபோனால், அதற்கு முந்தைய சுற்றில் யார் எந்த இடத்தில் இருந்தார்களோ அதுதான் முடிவாம். முந்தைய சுற்றில் நான் ஓடிக்கொண்டுதானே இருந்தேன்! பதினொரு பேரில் பதினொன்றாவது, பந்தயத்தை முடித்தவர், ஜெயவேலு என்று அச்சில் போட்டிருக்கிறது. உங்கள் அம்மாவைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் விட்டுவிடுங்கள். தாளைக் கீதாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தாள். "முடிச்சதா போட்டிருக்காங்களா?" என்றாள். "போட்டிருக்காங்க" என்றேன். தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "நேத்து வண்டி சுத்தினப்போ எனக்கு உசுரே போயிடுச்சு. அடுத்த தடவ என்னையும் உங்க வண்டிக்குக் கிட்ட நிக்க வைங்க. தூரத்துல இருந்து பாக்க முடியல" என்றாள். லாரி வேண்டாம், மச்சான்.