வெற்றிவேலன் கேட்கவிருந்த கேள்வி

புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து நற்பணி மன்றம், இவ்வாண்டு விழாவில் அறத்துணிவைப் போற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் துணிவில்லை.

அறத்துணிவுக்கு ஒரு நாடகம் வேண்டுமே. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அன்பரசி எழுதிக்கொண்டு வந்தாள். கதாநாயகன் வெற்றிவேலன். கடைசிக் காட்சியில் ஓர் அதிகாரியைப் பார்த்து அவன் ஒரே கேள்வி கேட்பான்: "மூணு மாசமா எங்க லயத்துக் குழாயில ஏன் தண்ணி வரல?"

கற்பனைக் கதைதான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தண்ணீர் வராதது மட்டும் நிஜம். விழாவுக்குத் தலைமை தாங்க வரும், டத்தோ பட்டம் பெற்ற பெரிய அதிகாரியின் மேசையில்தான் எங்கள் மனு மூன்று மாதமாகப் படுத்திருந்தது. அதை அவர் காதில் போட எங்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

மன்றத் தலைவர் நல்லசாமி, தம்மையும் செயலாளர் சுகுமாரனையும் கொண்டு வசனப் பரிசீலனைக் குழு ஒன்றை அமைத்தார்.

"டத்தோ முன்வரிசையில உக்காந்திருப்பாரு. அதிகாரியப் பாத்துக் கேட்டா அவரு மனசு புண்படும் லா," என்றார் சுகுமாரன்.

"அப்ப மேனேஜரப் பாத்துக் கேக்கட்டும் அண்ணே," என்றாள் அன்பரசி.

"பந்தல் மேனேஜர் குடுத்தது."

"கணக்கெழுதுற கிராணி?"

"நாற்காலி."

"யாரத்தான் கேக்குறது?"

நல்லசாமி யோசித்தார். "வானத்தப் பாத்துக் கேக்கட்டும்மா. அது நமக்கு ஒண்ணும் குடுக்கல."

பேரம் அதோடு நிற்கவில்லை. 'மூணு மாசமா' என்பது புள்ளிவிவரம், ஆதாரம் இணைக்க வேண்டும் என்று அடித்தார்கள். 'எங்க லயம்' என்றால் எந்த லயம் என்று விசாரணை வரும், அதையும் அடித்தார்கள். 'தண்ணி', சூழ்நிலை கருதி ஒத்திவைக்கப்பட்டது.

"மிச்சம் 'ஏன்' மட்டுந்தான் இருக்கு," என்றாள் அன்பரசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுதாம்மா ரொம்பக் காரமா இருக்கு."

"அப்ப வாயத் தொறக்காம என்னத்தச் செய்வான் உங்க வீரன்?"

"நிக்கட்டும். துணிவு பார்வையில தெரியணும்."

விழாவன்று வெற்றிவேலனாக நடித்த லோரிக்கார திலீப், நெஞ்சை நிமிர்த்தி மூன்று நிமிடம் வானத்தை முறைத்தான். மேளம் முழங்கியது. டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் துணிச்சல் இப்ப யாருக்கு வரும்!" என்று மைக்கில் சொல்லி, அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பிறகு வாழையிலைச் சாப்பாடு. வாளியில் தண்ணீர் வைத்தால் குழாயில் வராதது தெரிந்துவிடும் என்று வாளிகளைக்கூட ஒளித்து வைத்திருந்தது குழு. டத்தோ நன்றாகப் பிசைந்து சாப்பிட்டு எழுந்து, குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினார்.

"இங்க ஏன் தண்ணி வரல?"

குழு அடித்துப்போட்ட வசனம் அவர் வாயாலேயே வந்துவிட்டது! பதில் சொல்ல இருநூறு பேர் இருந்தோம்.

"இன்னிக்கு மட்டுந்தான் டத்தோ," என்றார் நல்லசாமி.

"பொய்! மூணு மாசமா வரல டத்தோ!" அன்பரசியின் குரல் பந்தலுக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

சுகுமாரன் பதறவே இல்லை. "நாடகம் எழுதுன பொண்ணு டத்தோ. அது வெட்டுன வசனம்."

"அப்படியா?" டத்தோ எங்களைப் பார்த்தார்.

அன்பரசியும் எங்களைத்தான் பார்த்தாள். எங்களுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில், நாடக வசனத்துக்குத் தட்டுவதுபோல் பலமாகக் கை தட்டினோம்.

"அருமையான கற்பனைம்மா," என்றார் டத்தோ. திலீப் பொன்னாடையோடு ஓடிவந்து அவர் கையில் மினரல் தண்ணீர் ஊற்றினான்.

மறுநாள் திலீப் தண்ணீர் ஊற்றும் படம் 'துணிவும் பணிவும்' என்ற தலைப்போடு ஃபேஸ்புக்கில் வந்தது. தண்ணி லோரிக்கு வாளியோடு வரிசையில் நின்றபடி எல்லாரும் லைக் போட்டோம். அன்பரசியும் வரிசையில் நின்றாள். "நீ கேட்டது ரொம்பச் சரிம்மா," என்று ஆளுக்கு ஆள் போய் அவள் காதில் சொன்னோம், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.