பூக்குழிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி

வேண்டிக்கொண்டது குமுதவல்லி. மிதிக்க வேண்டியது முகுந்தன்.

போன வருஷம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி முகுந்தனின் கால் முறிந்தது. "என் புருஷன் எழுந்து நடந்தா, அடுத்த திருவிழாவுல அவரே பூக்குழி இறங்குவாரு, தாயே" என்று மாரியம்மன் சந்நிதியில் குமுதவல்லி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காலுக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் நன்றாகவே சேர்ந்துவிட்டது. அதுதான் இப்போது தொல்லை.

வலது கையில் மஞ்சள் காப்புக் கட்டிய நாளிலிருந்து முகுந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான். எழுந்தால் வாசலுக்குப் போனான். வாசலில் கோயில் தெரிந்ததும் உள்ளே ஓடிவந்தான். அடுப்பில் தோசைக்கல் காய்ந்தாலே அவனுக்கு உள்ளங்கால் கூசியது. நெருப்பென்றால் பயம் என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. செண்டாயான் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். தோட்டத்தில் மீசைக்குப் பேர்போனவன்.

அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையில் முதலுதவி வகுப்புக்கு ஆள் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் முகுந்தனின் கை மேலே இருந்தது. காயம் பட்டவர்களைக் கவனிக்கக் குழிக்கரையில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். கரையில் நிற்கிறவன் எப்படிக் குழியில் இறங்குவான்? இவ்வளவு நல்ல யோசனை தன் மண்டைக்குள் உதித்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

வகுப்பு முடிந்த கையோடு லுக்குட் டவுனில் ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கிவந்து, கூடத்தின் நடுவில் கடை பரப்பினான். கையுறை, கட்டுத்துணி, பிளாஸ்டர், கத்தரிக்கோல், தீப்புண் களிம்பு. குமுதவல்லி அடுப்படியிலிருந்து தன் பங்குக்குக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

"இதென்ன?"

"காப்பித்தூள். வெட்டுக்காயத்துல அப்புனா ரத்தம் நிக்கும்."

"வேணாம் லா! சீழ் வைக்கும்."

"அப்ப இந்தப் பற்பசை? சுட்ட எடத்துல தடவுனா சில்லுனு இருக்கும்."

"சில்லுனு இருந்து என்ன? சூட்ட உள்ள அடைச்சிரும். சுட்டா மொதல்ல ஓடுற தண்ணியில காட்டணும். அவசரப்படாம ரொம்ப நேரம் காட்டணும். வகுப்புல சொன்னாங்க."

"வகுப்புல எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"

"ஒண்ணு விடல."

"அப்ப இதையும் வைக்கச் சொல்லிருப்பாங்களே." ஒரு திருநீற்றுப் பொட்டலத்தைக் கட்டுத்துணிக்குப் பக்கத்தில் சொருகினாள்.

"இது எந்தக் காயத்துக்கு?"

"காயத்துக்கு இல்லைங்க. பயத்துக்கு."

"பயமா? யாருக்கு?"

குமுதவல்லி அவன் கால்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே முகுந்தன் கோயில் தலைவர் நல்லசாமி முன்னால் போய் நின்றான். "தலைவரே, சுடுபட்டவங்களப் பாக்க ஆள் வேணும். படிச்சவன் நான் ஒருத்தன்தான். எனக்கும் மிதிக்கணும்னு ஆசைதான். என்ன செய்ய, கடமைன்னு ஒண்ணு இருக்கே!"

நல்லசாமி நெகிழ்ந்துபோனார். "நல்லதாப் போச்சு லா முகுந்தா. வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நீதான்."

அந்த 'வரைக்கும்' முகுந்தனை வீடுவரை உறுத்திக்கொண்டே வந்தது. ஏதாவது கோளாறாகிவிட்டால்? கைவசம் ஒரு கடைசிச் சீட்டு வேண்டும். விரதம் முறிந்தவனைக் குழிப் பக்கம் அண்டவிட மாட்டார்கள். மறுநாள் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு லுக்குட்டில் ஜஹாங்கீரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். நெத்திலிச் சம்பல் ஒரு டப்பா என்று காசை நீட்டினான். கை நீண்டது, சட்டை சுருங்கியது. ஜஹாங்கீர் அந்தக் கையையே பார்த்தான்.

"இன்னிக்குத் தீந்துபோச்சுண்ணே. நாளைக்கு வாங்க, ஒங்களுக்குன்னே செஞ்சு வைக்கிறேன்."

சொன்னபடி செய்தும் வைத்திருந்தான். டப்பா முதலுதவிப் பெட்டிக்குள், கட்டுத்துணிக்கு அடியில் போனது. குமுதவல்லி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில் முகுந்தன் பெட்டியைத் திறந்தான். 'மன்னிச்சிரு தாயே' என்று ஒரு வாய். 'இதையும் சேத்து மன்னிச்சிரு' என்று மறுவாய். நெத்திலி கொஞ்சம் மெத்தென்றிருந்தது. ஜஹாங்கீருக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். அதற்காக விட்டுவிடவில்லை, தீரத் தீர வாங்கினான்.

திருவிழா வந்தது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. குழியில் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. கரையில் நாற்காலி போட்டு, மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த முகுந்தனுக்கு வெகுநாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

மஞ்சள் சேலையில் குமுதவல்லி வந்து நின்றாள்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"அது என் நாற்காலி." பக்கத்தில் நின்ற நல்லசாமியிடம் திரும்பினாள். "தலைவரே, முதலுதவிக்கு நான் இருக்கேன். தெமியாங்குல வகுப்புக்குப் போயிப் பாஸும் பண்ணிட்டேன். இவரு பாவம், மிதிக்க ஆசைப்பட்டுத் தவிக்கிறாரு."

"தெமியாங்குல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதானே எங்கிட்ட சொன்ன?"

"தங்கச்சியும்தான் படிச்சா."

நல்லசாமிக்கு முகமெல்லாம் பல். "கடமைக்கு ஆள் கெடைச்சாச்சு லா முகுந்தா! எறங்கு!"

முகுந்தன் குழியைப் பார்த்தான். மானம் பெரிதா, கால் பெரிதா? கால்தான். கடைசிச் சீட்டை எடுத்து வீசினான்.

"தலைவரே! நான் எறங்கக் கூடாது! விரதத்தக் கெடுத்துட்டேன். நெத்திலி தின்னுட்டேன்! டப்பா டப்பாவா!"

மேளம் நின்றது. தோட்டமே அவனைத் திரும்பிப் பார்த்தது. முகுந்தனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது.

குமுதவல்லி மட்டும் சிரித்தாள். "அதுவா? மீனே இல்லைங்க அது. சோயாவ நறுக்கி வறுத்தது. காப்புக் கட்டுன கைய நீட்டி நெத்திலி கேட்டா ஜஹாங்கீர் அண்ணன் தூக்கிக் குடுத்துருவாரா? அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டாரு. சைவக் கடையில தேடி அவருக்கு அந்தச் சோயாவ வாங்கிக் குடுத்ததே நான்தான்."

"மீனுன்னு நெனைச்சுத்தானே தின்னேன்! மனசு கெட்டுப்போச்சே, தலைவரே!"

"மனசுல தின்னவனையெல்லாம் நிறுத்துனா, குழிகிட்ட ஒருத்தனும் நிக்கமாட்டான் லா" என்றார் நல்லசாமி. மேளம் மறுபடி கிளம்பியது. யாரோ அவன் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

குமுதவல்லி நாற்காலியில் அமர்ந்து பெட்டியைத் திறந்தாள். களிம்பை ஒதுக்கினாள், கட்டுத்துணியை ஒதுக்கினாள், திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் நெற்றி நிறையப் பூசினாள்.

"இந்தாங்க, முதலுதவி முடிஞ்சுது. மத்ததெல்லாம் நீங்க அந்தப் பக்கம் ஏறுன பெறகு."