அத்தைக்குப் போட்ட ஆக்டிவ் லோடு

போன ஞாயித்துக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலை. மாமியாருக்குக் காது மந்தம். அவங்களுக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்யணும்.

நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் டீச்சர். காது மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு வூட்டுக்காரர் சொன்னாரு. படிச்ச திமிரு வுடுமா? நானே டிசைன் பண்றேன்னுட்டேன்.

மைக்கு, டிரான்சிஸ்டர், ஹெட்ஃபோன். மாட்டிப் பாத்தோம். அத்தைக்கு ஒண்ணும் கேக்கல.

டிரான்சிஸ்டருக்கு மேல இருந்த ரெசிஸ்டர பெருசாக்குனேன். சத்தம் கூடணும். ஆனா பேட்டரி வோல்டேஜ பூரா அதுவே தின்னுட்டு டிரான்சிஸ்டர பட்டினி போட்டுடுச்சு.

"இன்னாம்மா, காதுல யாரோ மொளகா அரைக்கிறாங்க"ன்னாங்க அத்தை.

எனக்கு வீராப்பு வந்துடுச்சு. ரெசிஸ்டர கழட்டிட்டு அந்த எடத்துல இன்னொரு டிரான்சிஸ்டர வெச்சேன். அது கரண்ட்ட சீரா குடுக்கும், வோல்டேஜ கொஞ்சமாத்தான் எடுத்துக்கும், சத்தம் பல மடங்கு ஏறும். ஹெட்ஃபோன் அந்தச் சத்தத்த அமுக்கிடாம இருக்க நடுவுல இன்னொரு டிரான்சிஸ்டர்.

இதுக்குப் பேரு ஆக்டிவ் லோடுன்னு வூட்டுக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன். அவரு மலையிலேர்ந்து திருப்பத்தூருக்குப் புளி ஏத்திட்டுப் போற மினி லாரிக்காரரு.

"லோடுன்னா, எத்தினி மூட்டை?"ன்னாரு.

அத்தை ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்தாங்க. கேக்குதான்னு சைகையில கேட்டேன். மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. சரி, இதுவும் ஊத்திக்கிச்சுன்னு சமையக்கட்டுக்குப் போய்ட்டேன்.

பின்னாடியே வந்த வூட்டுக்காரர், அம்மா செங்கத்துல இருக்கற தன் தங்கச்சி வூட்டுக்கு எப்ப போறாங்கன்னு கேட்டாரு. சாமை சோத்த கிளறிக்கிட்டே மெதுவாத்தான் சொன்னேன்.

"நாளைக்கே உங்க வண்டியில ஏத்திட்டுப் போய்டுங்க. ஒரு மாசம் நிம்மதியா இருப்பேன்."

வாசல்லேர்ந்து அத்தை கொரலு வந்துச்சு.

"நான் எங்கியும் போவல. இங்கதான் எல்லாம் நல்லா கேக்குது."

கரண்டி அப்படியே நின்னுச்சு. வூட்டுக்காரர் பின்வாசல் வழியா நழுவி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போய்ட்டாரு. லாரி காலி.

நான் வெளிய போய், தமாசுக்குத்தான் சொன்னேன்னு இழுத்தேன். அத்தை சிரிச்சிக்கிட்டே, கத்தாத, மெதுவா பேசுன்னாங்க. அப்புறம் மைக்க எடுத்து சமையக்கட்டு பக்கமா திருப்பி வெச்சிக்கிட்டாங்க.

இப்போ எங்க வூட்ல நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு வாட்ஸப்லதான் பேசிக்கறோம்.